ராணி அன்ரி வைச்ச அரியதரச் சட்டி

போன கிழமை இஞ்ச கனடாவில, மிசிசாகாவில ஒரு கலியாணம். மேசையில ஆளுக்கொரு குட்டிப் பெட்டி, ரிப்பன் கட்டி. திறந்தால் உள்ளுக்கை ஒரேயொரு அரியதரம். கடையில ஓடர் குடுத்துச் செய்விச்சது. கடிச்சுப் பாத்தன். சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பொரிச்ச மா மணம் மூக்கில ஏறின உடன நான் முந்தி இருந்த மோர்னிங்சைட் பில்டிங்குக்குப் போயிட்டன், ஊரில யுத்தம் முடிஞ்ச அந்த 2009 வைகாசிக்கு.

அரியதரம் தெரியாதவைக்கு ஒரு சொல். அரிசிமாவும் சீனிப்பாகும், அவ்வளவுதான். பாகு பதம் தப்பினால் எண்ணெய்க்குள்ள போட்டது கரைஞ்சு போகும். நான் முதல்முதல் சுட்டது அப்பிடித்தான் போனது. சட்டிக்குள்ள தேடி எடுக்கவும் ஒண்டுமில்லை. எங்கட கலியாணங்களுக்கு முதல் பலகாரச் சூடு எண்டு ஒண்டிருக்கு. நல்ல நாள் பாத்து, அயலட்டைப் பொம்பிளையள் பெண் வீட்டுக்கு வந்து சுடவேணும். செத்தவீட்டுத் துடக்கு, அதுதான் தீட்டு, எண்டால் அந்தச் சட்டி அடுப்பில ஏறாது.

சுதா எனக்கு வேலைக் கூட்டாளி. ஒரே பக்டரி, ஒரே பில்டிங். தன்ர சித்தி ராணி அன்ரியோட இருந்தவள். தாய் வன்னியில, சண்டைக்குள்ள. பங்குனிக்குப் பிறகு தாயிட்ட இருந்து ஒரு போனும் இல்லை. சுதான்ர கலியாணத்துக்கு ரெண்டு கிழமை இருக்கேக்கை யுத்தம் முடிஞ்சுதெண்டு ரீவியில சொல்லிச்சினம். எங்கட பில்டிங்கில அண்டைக்கு அழாத வீடில்லை. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிசர். தள்ளி வைப்பம், குறை நினைக்கமாட்டம் எண்டு சொல்லிவிட்டினம். சுதாவும் அதைத்தான் கேட்டாள்.

"வேண்டாம் சித்தி. அம்மா இருக்கிறாவோ எண்டே தெரியாது."

"தெரியாததுக்குத் துடக்குக் காக்கிறதோடி? நான் சட்டி வைக்காட்டி, என்ர அக்கா செத்திட்டா எண்டு என்ர வாயாலயே சொன்ன மாதிரி. செய்தி வரட்டும், அப்ப பாப்பம். இப்ப அரிசியை ஊறப்போடு."

நான் பக்கத்தில நிண்டனான். ஐயோ, உந்த மனிசிக்கு விசரோ எண்டுதான் நினைச்சன்.

சனிக்கிழமை காலமை ஸ்மோக் அலாமுக்கு ஷவர் கப்பைக் கொழுவிப்போட்டு அடுப்பை மூட்டினம். வாழையிலைக்கு எங்க போறது? பால் வாற பிளாஸ்ரிக் பையை வெட்டி, எண்ணெய் பூசி, அதில மாவைத் தட்டினம். ஒன்பது மணிக்கு நாங்கள் மூண்டு பேர். ஒன்பதரைக்கும் மூண்டு பேர்தான். அன்ரி வாசலைப் பாக்காத மாதிரிப் பாத்துக்கொண்டு நிண்டா.

பிறகு கதவு தட்டுப்பட்டுது. ஒருத்தி, அடுத்தவள், வேலை உடுப்போட இன்னொருத்தி எண்டு பதினொரு பேர் வந்தினம். முகங்களைப் பாக்கத்தான் எனக்கு விளங்கிச்சு. இழவுச் செய்தி வந்த வீட்டிலயிருந்து ஒருத்தரும் வரேல்லை, முறையில்லைத்தானே. வந்த அவ்வளவு பேருக்கும் ஊரில ஆரோ ஒராளின்ர செய்தி இல்லை. ஒருத்தருக்கு மகன், ஒருத்தருக்கு தமையன். அதைப் பற்றி ஆரும் வாய் திறக்கேல்லை. "இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்", "எடி, பிரட்டடி" எண்ட கதைதான். எங்கட சனத்தை நினைச்சு நான் அண்டைக்குப் பட்ட பெருமை, பிறகு ஒரு வீடு வாங்கியும் படேல்லை.

ஆடியில அகதி முகாமிலயிருந்து சுதான்ர தாய் போன் எடுத்தா. ஆரோ ஒராளிட்ட இரவல் வாங்கின போன், ரெண்டு நிமிசம். சுதா விக்கி அழத் தொடங்க, அன்ரி பறிச்சுக் காதில வைச்சா.

"கலியாணம் முடிஞ்சுதோ?"

"ஓம் அக்கா."

"பலகாரம் சுட்டனியளோ?"

"சுட்டனாங்கள்."

"பாகு பதம் பாத்தனியே? உனக்கு எப்பவும் உதில அவசரம்."

அண்டைக்குத்தான் ராணி அன்ரி அழுது நான் கண்டனான். சிரிச்சுச் சிரிச்சு அழுதா.

இப்ப அந்தப் பில்டிங்கில எங்கட ஆக்கள் குறைவு. ஒஷாவா வரைக்கும் வீடு வாங்கிச் சிதறியாச்சு. கதவைத் தட்டிக்கொண்டு வந்து சட்டியடியில நிக்கிற பழக்கமும் போயிட்டுது, ஒரு போன் அடிச்சால் கடைக்காரன் பெட்டி பெட்டியாய்த் தாறான். நான் சும்மா இருக்கேக்கை அந்தப் பதினொரு பேரையும் விரல்விட்டு எண்ணிப் பாக்கிறனான். அதில நாலு பேருக்கு அப்பிடியொரு போன் வரவேயில்லை. நாலு பேரில ஒருத்தியும் இண்டைவரைக்கும் துடக்குக் காக்கேல்லை.