கடைசி ரெய்டில் நான் எடுத்த விரல்

விரலை எடுத்தது நான்தான்.

கை வழுக்கவில்லை. கொசு கடிக்கவில்லை. தெரிந்தே, முழு அறிவோடு எடுத்தேன். அதனால்தான் பொங்கல் கபடியில் செஞ்சிப் பெண்கள் கோப்பையைத் தூக்கினார்கள், அவலூர்பேட்டை தோற்றது. போதுமா? இனி நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம்... ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். ஏனென்றால் அது அவ்வளவு ஜாலியான நாள்!

நான் பவித்ரா, செஞ்சிக்காரி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள். ஊரார் தூக்கிப்போடும் பழைய போன், டேப்லெட்டுகளுக்குப் புதுக் கெர்னல் ஏற்றி ஓடவிடுவது என் பைத்தியம். கெர்னல் என்றதும் ஓடாதீர்கள். கருவிக்குள் எல்லா நிரல்களுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு, யார் எப்போது ஓடலாம், கருவியின் மூளையான பிராசசர் எப்போது தூங்கலாம் என்று முடிவெடுக்கும் ஆள் அது. அவ்வளவுதான்.

ஒருத்தி எதிரணிக் களத்துக்குள் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பும் ஒரு ரெய்டுக்கு முப்பது நொடி. அதை எண்ணிப் பஸ்ஸர் அடிக்க ஒரு கருவி வேண்டும் என்றார்கள். மைதானத்து மேஜைக்குக் கரண்ட் கிடையாது. என்னிடம் இருந்ததோ பேட்டரி செத்துக்கொண்டிருந்த ஒரு டேப்லெட். நான் சும்மா இருப்பேனா? நடுவர் பாஸ்கர் அண்ணனிடம் போய் நின்றேன்.

"காலைல போட்டா சாயங்காலம் வரிக்கும் ஓடும்ணா. சார்ஜரே வேணாம்."

"நடுவுல நின்னு பூடுச்சின்னா?"

"பூடாது. கெர்னல நானே மாத்தி வெச்சிருக்கேன்!"

"நீ மாத்துனதா? அப்ப எதுக்கும் நான் என் வாட்ச்சயும் கட்டினு வந்துடறேன்."

என்ன கிண்டல் பாருங்கள்! அந்தக் கிண்டலுக்காகவே சாதித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

எப்படி மிச்சம் பிடித்தேன் தெரியுமா? செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஏறியிருக்கிறீர்களா? முதலில் ஏறியவருக்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும் வண்டி நகராது. ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். டீசல் மிச்சம்! என் கெர்னலும் அதேதான். ஒவ்வொரு சின்ன வேலைக்கும் பிராசசரைத் தட்டி எழுப்பாதே, இரண்டு நொடி வரை காத்திரு, நாலைந்து வேலை சேர்ந்ததும் ஒரே தடவையாக எழுப்பு என்று எழுதிவிட்டேன். மற்ற நேரமெல்லாம் பிராசசர் குறட்டை விடும். பேட்டரி அப்படியே நிற்கும். செம கெத்து!

ஒன்றே ஒன்றை மறந்துவிட்டேன். பஸ்ஸரையும் அதே ஷேர் ஆட்டோவில் ஏற்றி வைத்திருந்தேன்!

இரண்டாவது ஆட்டத்திலேயே வண்டவாளம் தெரிந்துவிட்டது. முப்பதில் அடிக்க வேண்டிய பஸ்ஸர் இரண்டு நொடி கழித்து அடித்தது.

"இன்னாம்மா, உன் பஸ்ஸர் தூங்கிடுச்சா?" பாஸ்கர் அண்ணன் தன் வாட்ச்சைத் தட்டிக் காட்டினார்.

வியர்த்துவிட்டது. லேப்டாப்போ வீட்டில். வேறு போன் வைக்கலாம் என்றால் மானம் போகும். அப்போதுதான் ஒன்று புரிந்தது. திரையில் விரல் பட்டால் யாரோ அவசரமாக வேலை பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, காத்திருப்பதை விட்டுவிட்டு உடனுக்குடன் எழுந்துகொள்ளும்படி அந்தக் கெர்னலை வைத்திருந்தேன். போலீஸ்காரரைக் கண்டதும் காலியாகவே கிளம்பும் ஷேர் ஆட்டோ மாதிரி! விரலை வைத்தேன். பஸ்ஸர் முப்பதில் டாண் என்று அடித்தது.

அதன் பிறகு ஒவ்வொரு ரெய்டுக்கும் விரல் திரைமேல்தான். எந்த ஊராக இருந்தாலும் சரி. விரலை எடுத்தது இடைவேளைகளில் மட்டும். பாஸ்கர் அண்ணன் நாலைந்து தடவை ஒத்துப் பார்த்துவிட்டு வாட்ச்சைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "கரெக்டா அடிக்குது. இனிமே மெஷின் சொல்றதுதான்."

அந்த வார்த்தையை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்...

இறுதி ஆட்டம். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிறது. செஞ்சியும் அவலூர்பேட்டையும் சமம். கடைசி ரெய்டு. எங்கள் ரம்யா உள்ளே போனாள். நானும் அவளும் பள்ளியிலிருந்து ஒரே பெஞ்சு. காலை நீட்டி ஒருத்தியைத் தொட்டாள், திரும்பினாள்... அவலூர்பேட்டை கேப்டன் சங்கீதா பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டாள். என்ன பிடி! ரம்யா மண்ணில் விழுந்து நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டுகிறாள். ஒரு முழம்தான் பாக்கி. சங்கீதா விடவில்லை.

"இழுடீ! இழுடீ!" ஊரே கத்துகிறது. என் நைனா நாற்காலி மேல் ஏறி நிற்கிறார்.

திரையில் இருபத்தெட்டு. இன்னும் இரண்டு நொடி அந்தப் பிடி நின்றால் கோப்பை அவலூர்பேட்டைக்கு.

விரலை எடுத்தேன்.

இருபத்தெட்டு என்ற எண் அப்படியே நின்றது. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

கை தட்டத்தானே எடுத்தேன்? பல நாள் எனக்கு நானே அப்படிச் சொல்லிப் பார்த்தேன். பொய்! நான் கை தட்டவே இல்லை. விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

நிஜ முப்பது கடந்தும் பஸ்ஸர் அடிக்கவில்லை. மனிதக் கை எவ்வளவு நேரம்தான் தாங்கும்? சங்கீதாவின் பிடி நழுவியது. ரம்யாவின் விரல் நுனி கோட்டைத் தொட்டது. அதற்கப்புறம், சாவகாசமாக, ஆள் நிரம்பிய ஷேர் ஆட்டோ மாதிரி, பஸ்ஸர் அடித்தது!

எப்பேர்ப்பட்ட கொண்டாட்டம்! மேளம், விசில், கோப்பையோடு ஒரு ஆட்டுக்கிடா. நைனா கிடாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். நானும் ஆடினேன். நன்றாகவே ஆடினேன். அதைத்தான் உங்களிடம் மறைக்க மனமில்லை.

சங்கீதா மட்டும் மண்ணில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு கூத்தைக் கேளுங்கள். பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிந்ததால், அவலூர்பேட்டைக்காரிகளைத் தன் மினி லாரியில் ஏற்றிப்போனது என் அண்ணன். கேப்டன் முன் சீட்டில். ஒரு மணி நேரத்தில் வர வேண்டியவன் ஊர் அடங்கும்போது சிரித்துக்கொண்டே வந்தான். அடுத்த பொங்கலுக்குள் சங்கீதா எங்கள் வீட்டு மருமகள்!

அண்ணி வந்த பிறகு வீடே கலகலப்பு. யார் வந்தாலும் கதை சொல்வாள். "இந்த ஊருக்குக் கப்பு குடுத்ததே நானுதான். கால உட்டேன், இவர புடிச்சேன்!" அண்ணன் வெட்கப்படுவான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

ஆனால் ஒருநாள் அண்ணியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து கடைவீதிக்குப் போனபோது, அவள் திடீரென்று சொன்னாள். "அன்னிக்கு எம்மா நேரம் புடிச்சினு இருந்தேன் தெரியுமா பவி? கடைசில கை உட்டுடுச்சி. அதுலேர்ந்து என் கைய நானே நம்பறதில்ல."

இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன். "அண்ணி... பஸ்ஸர் லேட்டா அடிச்சிருந்தா?"

"சீ! அது தோத்தவ பேசற பேச்சு. உன் மெஷின் மேல பழி போடுவனா நானு?"

சொன்னால் என்ன ஆகும்? ரம்யாவின் கோப்பை போகும், நைனாவின் ஆட்டம் போகும்... சிரிக்கும் இந்த வீடு? அதெல்லாம் சாக்கு. அண்ணி என்னை எப்படிப் பார்ப்பாளோ என்ற பயம்தான்! நீங்கள் என் இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பீர்களா? தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

கெர்னலை மட்டும் திருத்தினேன். மற்ற வேலைகள் ஷேர் ஆட்டோவிலேயே வரட்டும், பஸ்ஸருக்குத் தனி வண்டி. குறித்த நொடியில் பிராசசர் எழுந்தே தீரும். பேட்டரியும் சாயங்காலம் வரை நிற்கிறது. அன்றே எழுதியிருக்க வேண்டிய நாலு வரி.

இந்தப் பொங்கலுக்கு அதே மைதானம், அதே மேஜை. அண்ணி இப்போது செஞ்சி அணியில்! களத்தில் இறங்கும் முன் என்னிடம் வந்து, "மெஷின் ரெடியா?" என்று கண்ணடித்துவிட்டுப் போனாள். முதல் ரெய்டிலேயே எதிராளியின் கணுக்காலைக் கவ்விப் பிடித்தாள். கூட்டம் போட்ட சத்தத்தில் மைதானமே அதிர்ந்தது!

பஸ்ஸர் முப்பதில் அடித்தது. யாரும் எதையும் தொடாமலே அடித்திருக்கும்.

"இன்னும் ஏம்மா விரல அதுமேலயே வெச்சினு இருக்கற?" என்றார் பாஸ்கர் அண்ணன்.

"சும்மாதாண்ணா."

களத்தில் அண்ணி தன் கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன். விரலை மட்டும் எடுக்க வரவில்லை.