தட்டில் இடம் விடாத டாக்டர்

டாக்டர் செல்வநாயகம் போய்விட்டார் என்பதை அன்று பகல் ஷிப்டின் சாப்பாடு முடியும்வரை நான் கேன்டீனில் யாரிடமும் சொல்லவில்லை. போனில் செய்தி வந்தபோது கவுன்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். "டாக்டரு இன்னும் வரலியே மேடம்?" என்றார் பரிமாறிக்கொண்டிருந்த குமாரி அக்கா. "நீங்க போடுங்கக்கா" என்றேன். கரண்டி நின்றால் வரிசையும் நிற்கும். பசியோடு ஒருவரைக் காக்க வைப்பது டாக்டருக்குப் பிடிக்காத காரியம்.

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையின் மருத்துவர் அவர்; அங்கே உணவுத் திட்டம் பார்ப்பவள் நான். இதய அறுவை சிகிச்சை ஆனவர் என்பது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அவரே காட்டியிருப்பார். மாத்திரை வேண்டாமென்று யாராவது முரண்டு பிடித்தால், நெஞ்சுத் தழும்பைக் காட்டச் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிடுவார். "பாத்துக்கோ, தண்டலத்துல ஆரம்பிச்சு சுங்குவார்சத்திரம் வரைக்கும் ரோடு போட்டிருக்கான். உனக்கும் போடணுமா?" அந்த இதயம்தான் அன்று உறக்கத்தில் நின்றுவிட்டது.

தென்காசிப் பக்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வருகிறவர்கள், சுற்றுக் கிராமத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள், எல்லோரும் வேலையில் சேரும்போது ஒல்லிதான். சில வருடங்களில் பலருக்குச் சர்க்கரையும் கொழுப்பும் ஏறிவிடும். "அந்தந்த ஊர் உடம்பே அப்படித்தான்" என்று ஒரு மேலாளர் சொன்னபோது டாக்டர் சிரித்தார். "பரம்பரையும் கொஞ்சம் இருக்கும் சார். ஆனா மலையளவு சோறு, ஸ்பூனளவு பொரியல், நேரங்கெட்ட தூக்கம்னு இருந்தா எல்லா வயிறும் ஒரே ஊராயிடுது."

முதலில் அவர் சோற்றுக் கரண்டியைச் சிறியதாக்கி, சுண்டல் கரண்டியைப் பெரியதாக்கினார். உற்பத்தி லைனில் வேலை செய்யும் வேலு, பக்கத்து ஊர்க்காரர், சும்மா இருப்பாரா?

"இன்னா டாக்டரே, சோறு கேட்டா சுண்டல் போடுறாங்க? கோயிலாண்ட நிக்கிறா மாதிரி கீது."

"கோயில்ல ரெண்டாவது வாட்டி கேட்டா முறைப்பாங்க. இங்க கேளு, போடுவோம்."

சிரித்தார்கள். புகாரும் கொடுத்தார்கள். அடுத்த மருத்துவப் பரிசோதனை வரைதான் அவகாசம், அதற்குள் புகார் நிற்காவிட்டால் பழைய சாப்பாடுதான் என்றது நிர்வாகம்.

அந்த வாரம் சுங்குவார்சத்திரத்தில் டீ குடிக்கப் போன டாக்டர், எங்கள் ஷிப்டே பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். வேலு தட்டை மறைக்கப் பார்த்தாராம். "மறைக்காத. எனக்கு ஒரு டீ சொல்லு" என்று இவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை என்னிடம் வந்தார். "தப்பு நம்மளுதும்மா. பசியோட அனுப்பிட்டு, பரோட்டாக் கடைக்கு ஆள் பிடிச்சுக் குடுத்திருக்கோம்."

அன்றே பழைய சோற்றுக் கரண்டி திரும்பியது. ஆனால் கவுன்டரின் வரிசையை மாற்றினோம்: கீரை, சுண்டல், முட்டை எல்லாம் முதலில், சோறு கடைசியில், கேட்கிற அளவுக்கு. "வர்றதுக்குள்ள தட்டு ஹவுஸ்ஃபுல்லு. சோத்த எங்க வைக்கிறது, தலையிலயா?" என்று வேலு கத்தியபோது, வரிசையில் தட்டோடு நின்றிருந்த டாக்டர்தான் அதிகம் சிரித்தார். அந்தப் பரிசோதனைக்காகத் தேர்வு எழுதப் போகும் பிள்ளையைப் போலக் காத்திருந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: சொன்னதை ஒருவர் கேட்கவில்லை என்றால், அவருக்குப் பசிக்கிறதா என்று முதலில் பார்ப்பது.

அவர் போன மறுமாதம் பரிசோதனை நடந்தது. பலருக்கு அளவுகள் கொஞ்சம் இறங்கியிருந்தன. சிலருக்கு அப்படியே இருந்தன. வேலுவுக்கு மாத்திரை தொடங்கினார்கள். பழைய சாப்பாடு வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை.