அப்பா கேட்ட டாக்டர்

எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் திரும்பிப் போன அன்று சாயங்காலம், அப்பா எங்கள் லயத்து வரிசையில் வீடு வீடாகப் போய் லட்டு கொடுத்தார். தேயிலை ஃபாக்டரியில் வேலை முடிந்து வந்தவர் குளித்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. லட்டுப் பெட்டி நனையாமல் இருக்கத் துண்டால் மூடியிருந்தார். தலை நனைவதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. "இனி டாக்டர் இல்லாம இங்க பிரசவம் பாக்கக் கூடாதாம். சட்டம், இவுக பாஷையில நியமம், அப்படித்தானாம். எழுதிக் குடுத்துட்டாக" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் படத்துக்கு முன்னால் ஒரு லட்டை வைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் அவ்வளவு நிம்மதியாக இருந்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அம்மா அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில்தான் இறந்தாள். நான் அப்போது சின்னப் பெண். அண்ணன் என்னைவிடக் கொஞ்சம் பெரியவன். வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப்பில் குலுங்கிக்கொண்டே மேலே ஏற வேண்டிய எஸ்டேட் எங்களுடையது. அங்கே டாக்டர் வாரத்தில் ஓரிரு நாள் வந்து போவார். மற்ற நாளெல்லாம் ஒரு சிஸ்டர்தான். மூன்றாவது பிரசவத்தில் அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. சிஸ்டர் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தார். அறுவை செய்ய ஆள் இல்லை, ஏற்ற ரத்தம் இல்லை. குழந்தையும் தங்கவில்லை. "ஒரு டாக்டர் இருந்திருந்தா எம் பொண்டாட்டி பொழச்சிருப்பா" என்று அப்பா அன்று சொன்ன வார்த்தையைப் பிறகு யூனியன் கூட்டத்தில் சொன்னார், கலெக்டரின் குறைதீர்ப்பு நாளில் சொன்னார், கேட்க ஆள் கிடைத்த இடத்திலெல்லாம் வருஷக்கணக்கில் சொன்னார். மலையாளம் அவருக்குச் சரளமாக வராது. தடுமாறித் தடுமாறிச் சொல்லி, முடிக்கும்போது தமிழுக்கு வந்துவிடுவார்.

டாக்டர் வருவார் என்று அப்பா நம்பினார். வந்தது பூட்டு. டாக்டரும் ரத்தமும் அறுவை அரங்கும் வைக்க எஸ்டேட்டுக்குக் கட்டுப்படியாகாது என்று நிர்வாகம் பிரசவ அறையையே மூடிவிட்டது. பிரசவத்துக்கான மருந்துகளை அனுமதியில்லாத இடத்தில் வைக்கக் கூடாது என்று அவற்றையும் எடுத்துப் போனார்கள். அப்பா மேனேஜரிடம் போய்க் கேட்டதற்கு, "நியமம் வேணும்னு அலைஞ்சது நீங்கதானே?" என்று அவர் சிரித்தபடி சொன்னாராம். எங்களிடம் அதைச் சொன்னபோது அப்பாவால் சிரிக்க முடியவில்லை.

அதன் பிறகு வந்தவள் மதினி. உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவள். அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் லயத்துக்கு வந்த முதல் வாரமே டீயில் ஏலக்காயைத் தட்டிப் போட்டு அப்பாவிடம் நீட்டினாள். "தேயிலைக்குத் தேயிலை வாசனை போதும் தாயி" என்றார், ஆயுள் முழுக்க ஃபாக்டரி வாசனையில் இருந்த மனிதர். "எங்க ஊருச் சரக்கையும் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க மாமா, குடி முழுகிறாது" என்றாள் அவள். பேச்சில்லாத வீடாக நாங்கள் எத்தனை காலம் இருந்திருக்கிறோம் என்பது அவள் பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அப்பாவை எதிர்த்துப் பேசுவாள், கேலி செய்வாள், மலைக்குக் கொழுந்து கிள்ளப் போகும்போது அவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போவாள். அவள் உண்டானபோது அப்பாதான் அவளை மாதாமாதம் பஸ்ஸில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே உள்ள டாக்டரம்மாவைப் பற்றி லயத்தில் பெருமையாகச் சொல்லுவார்.

பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்கு முன்பே, ஒரு ஆனிமாத மத்தியானத்தில், கொழுந்துக் காட்டிலேயே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். பாதையில் மண் சரிந்து கிடக்கிறது, பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைதான் வர முடியும் என்றார்கள். எஸ்டேட் ஜீப்பில் அவளை ஏற்றி முதலில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வேறு எங்கே போகத் தோன்றும்? சிஸ்டர் ஓடிவந்து பார்த்தார். பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"தலை எறங்கியிருக்கு. ஆனா இங்க வச்சுப் பாக்க அனுமதி இல்லண்ணே. கொண்டு போங்க."

"கதவத் தொறங்க சிஸ்டரே" என்றார் அப்பா. "அம்புட்டுத் தூரம் தாங்குமா புள்ள? தொறங்க."

"தொறந்து என்ன செய்ய? உள்ள ஒண்ணும் இல்ல. ரத்தம் நிக்கப் போடுற ஊசிகூட இல்ல. எல்லாம் எடுத்துட்டாங்க."

அப்பா அந்தக் கதவின் மேல் கையை வைத்தபடி நின்றார். எந்த அறையில் இனி யாரும் சாகக் கூடாது என்று ஊர் ஊராக நடந்தாரோ, அதே அறையைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். "எம் பொண்டாட்டி கெடந்த ரூம்தானே, தொறந்து விடுங்க" என்று அவர் சொன்னது ஜீப்புக்குள் இருந்த மதினிக்கும் கேட்டது. "மாமா, அழாதீங்க, போயிரலாம்" என்றாள் அவள்.

சிஸ்டர் வேலை போனால் போகட்டும் என்று எங்களோடு ஜீப்பில் ஏறிக்கொண்டார். பாலத்துக்கு முன்னாலேயே குழந்தை பிறந்துவிட்டது. பெண். அது அழுததும் மதினி சிரித்தாள். பிறகுதான் ரத்தம் போக ஆரம்பித்தது. சிஸ்டர் தன் பலத்தையெல்லாம் கூட்டி அவள் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் குழந்தையை என் சேலைக்குள் வைத்திருந்தேன். பாலத்தில் காத்திருந்த ஆம்புலன்ஸுக்கு மாற்றி, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பா பெருமையாகச் சொன்ன டாக்டரம்மா இருந்தார். ஊசி போட்டார், மருந்து ஏற்றினார், கையிருப்பில் இருந்த ரத்தத்தையும் ஏற்றினார். அது போதவில்லை. மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கோட்டயத்துக்கு மலை இறங்கும் பாதையில், இன்னும் வளைவுகள் மிச்சமிருக்கும்போதே, மதினி போய்விட்டாள். சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாமே என்று பிறகு பலரும் சொன்னார்கள்.

அண்ணன் அப்பாவிடம் ஒரே ஒரு தடவைதான் அதைச் சொன்னான். "நீங்க கேட்டதுதானேப்பா வந்துச்சு." அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அண்ணன் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் ஒரே வீட்டில் இருவரும் அதற்குப் பிறகு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதும் இல்லை. அப்பாவின் மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். அந்த நியமத்தின் மேலும் தப்பில்லை. அம்மாவைப் போல இன்னொருத்தி சாகாமலிருக்க எழுதப்பட்டதுதான் அது. கூடாது என்று சொன்னவர்கள், அப்படியானால் அவளை எங்கே, எப்படிக் கொண்டு போவது என்பதை மலையேறி வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பேத்தி நடக்கத் தொடங்கிய பிறகு, அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு மறுபடி கலெக்டரின் குறைதீர்ப்பு நாளுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். விஷயத்தைக் கேட்ட அதிகாரி, "மூடணும்னு அப்போ கேட்டீங்க, இப்போ தெறக்கணும்னு கேட்கிறீங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "நான் மூடச் சொல்லலீங்க சாரே. ஆள் வைக்கச் சொன்னேன்" என்றார் அப்பா. அதற்குமேல் அவருக்கு எந்த பாஷையும் வரவில்லை. பிறகு மழைக்காலங்களில் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஆம்புலன்ஸை நிறுத்தினார்கள். பிரசவ அறை இன்றைக்கும் பூட்டித்தான் கிடக்கிறது. எங்கள் எஸ்டேட்டில் உண்டாகும் பெண்கள் இப்போது நாள் நெருங்கும் முன்பே கீழே சொந்தக்காரர் வீடு தேடிப் போய்விடுகிறார்கள். சொந்தம் இல்லாதவர்கள் வாடகைக்கு அறை எடுக்கிறார்கள்.

நானும் அப்படித்தான் போனேன். எனக்குக் கல்யாணமாகி, பிரசவம் கோட்டயத்தில் நடந்தது. அப்பா மலையிலிருந்து இறங்கி வந்து, வாசலில் போட்டிருந்த பெஞ்சில்கூட உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாராம். போன வருஷம் அவர் இறந்தபோது எஸ்டேட்டே திரண்டு வந்தது. ஆளாளுக்கு அவருடைய போராட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்தப் பிரசவ நாள்தான் நினைவில் வந்து நின்றது. குழந்தையைத் துடைத்து என் பக்கத்தில் கிடத்திய நர்ஸ், பாதி தமிழும் பாதி மலையாளமுமாக வியந்து போய்ச் சொன்னாள்:

"வெளிய நிக்கிறது உங்க அப்பாவா? எல்லாரும் ஆணா பெண்ணான்னுதான் கேப்பாங்க. இவர் குழந்தையப் பத்தி ஒண்ணுமே கேக்கல. என் கையப் பிடிச்சுக்கிட்டு, ரத்தம் நின்னுருச்சா, ரத்தம் நின்னுருச்சான்னு அதையேதான் கேக்கிறார்."