கொல்லச் சொல்லாத மண்டபம்

தெருவில் அவருக்குப் பூச்சிக்காரர் என்று பெயர். கரப்பான், மூட்டைப்பூச்சி, எலி, கரையான் எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் கூப்பிட்டது மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. முதுகில் மருந்துத் தொட்டியோடு அவர் ஒரு வாசலில் நின்றால் போதும், எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொள்ளும். "அட, இவங்க வீட்லயும் மூட்டைப்பூச்சியா!" என்று அங்கே ஒரு சந்தோஷம். ஒரு பெரிய அதிகாரி வீட்டில் திடீரென்று விருந்தாளிகள் வந்துவிட, "இவர் நமக்குத் தூரத்துச் சொந்தம்" என்று அவரை அறிமுகப்படுத்தினார்களாம். முகமூடியும் ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டு நின்ற தூரத்துச் சொந்தம்!

இந்தக் கதையை ஊர் முழுக்கப் பரப்பியவர் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். இருவரும் சேர்ந்துதான் தொழில் செய்தார்கள். மச்சானுக்குத் தொந்தி பெரியது, வாய் அதைவிடப் பெரியது. பூச்சிக்காரர் அதிகம் பேசமாட்டார். சுவரில் காதை வைத்துக் கேட்பார். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மரத்தைத் தட்டிப் பார்ப்பார். எங்கே துளை போட வேண்டும் என்று விரலால் காட்டுவார். பூச்சிகள்மேல் அவருக்கு எந்தக் கோபமும் கிடையாது. முடிவெட்டுகிறவருக்கு முடியின்மேல் கோபமா இருக்கிறது? அப்படித்தான் அவர் அந்த வேலையைச் செய்தார்.

அவருக்கு ஒரு மகள் இருந்தாள். பிறக்கும்போதே இதயத்தில் கோளாறு. மாடிப்படி ஏறினால் உதடு நீலமாகிவிடும் என்பதால் மூன்றாவது மாடிக்கு அவர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். ஒரு கையில் தொட்டி, ஒரு கையில் மகள். "அப்பா, உங்க மேல மருந்து நாத்தம்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டே கழுத்தைக் கட்டிக்கொள்வாள். பள்ளியில் சேர்க்கும் வயது வருவதற்குள் போய்விட்டாள்.

அதன்பிறகு அவர் மனைவி தூங்கவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கீழ்வீட்டு அக்கா ஒருநாள் அவளைப் பக்கத்துத் தெருவில் இருந்த தியான மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முன்பு மரக்கிடங்காக இருந்த இடம் அது. ஒரு வயதான பிக்கு அங்கே தங்கியிருந்து, புத்தர் சொன்னதை எளிமையாகச் சொல்லிக்கொடுத்தார். துக்கம் என்று ஒன்று இருக்கிறது, நாம் இறுகப் பிடித்துக்கொள்வதால் அது வளர்கிறது, பிடியை விட்டால் விடுதலை. போய்வந்த அன்று அவள் படுத்ததும் தூங்கிவிட்டாள். பூச்சிக்காரர் விடியும்வரை அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், அந்த மண்டபத்தின் முன்னால் நின்று யாரும் பார்க்காதபோது கும்பிட்டார்.

கொஞ்ச நாளில் வீட்டில் கொசுவர்த்தி நின்றது. அவள் கொசுவைத் துண்டால் விசிறித்தான் விரட்டுவாள். கரப்பான்பூச்சி வந்தால் அதன்மேல் டம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையைச் செருகி, மூன்று மாடி இறங்கிக் கொண்டுபோய்ச் சாக்கடை ஓரம் விட்டுவிட்டு வருவாள். அடுத்த வாரம் கீழ்வீட்டுக்காரர் பூச்சிக்காரரைக் கூப்பிடுவார். "மாப்ளே, தங்கச்சி நம்ம தொழிலை வளர்க்குது" என்று மச்சான் வயிறு குலுங்கச் சிரிப்பார். பூச்சிக்காரரும் சிரித்தார். அவள் தூங்குகிறாளே, அது போதும் அவருக்கு.

ஆனால் மண்டபத்தில் பிக்கு மட்டுமா பேசுகிறார்? பாய் சுருட்டும்போது, செருப்பைத் தேடும்போது, மற்றவர்களும் பேசுவார்கள். 'வினை' என்ற சொல்லை அவள் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் சோறு போட்டபடியே கேட்டாள்.

"என்னங்க, இதுவரைக்கும் எத்தனை உயிரைக் கொன்னிருப்பீங்க?"

"அதுக்கெல்லாம் யாரு கணக்கு வச்சா?"

"கணக்கே இல்லாத அளவுக்கு. இல்லையா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

"பாப்பா போனதுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்? டாக்டர் என்ன சொன்னாரு? பொறக்கும்போதே…"

"பொறக்கும்போதே ஏன்? அதைத்தான் டாக்டர் சொல்லல."

அதற்குப் பிறகு அவருக்கென்று தனித்தட்டு வந்தது. அவர் வேலைச்சட்டையை அவள் தொடுவதில்லை. படுக்கை கூடத்துக்குப் போயிற்று. கடைசியில் ஒரு துணிப்பையோடு அவளே போய்விட்டாள். மண்டபத்தின் பின்னால் பெண்கள் தங்கும் அறை ஒன்று இருந்தது. அங்கே பெருக்கித் துடைத்துக்கொண்டு இருந்துவிடப் போவதாகச் சொன்னாள்.

"மத்தவன் பொண்டாட்டியெல்லாம் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போவா" என்றார் மச்சான். "என் தங்கச்சி நேரா முக்திக்கே கிளம்பிட்டா." சொன்ன பிறகு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பூச்சிக்காரருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அவள் திரும்பி வர வேண்டும். குளித்துவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பிக்குவைப் பார்க்கப் போனார். பிக்கு கிணற்றடியில் தன் அங்கியைத் துவைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, என் பொண்ணு செத்தது நான் செஞ்ச வினையா?"

பிக்கு துணியைப் பிழிவதை நிறுத்தினார்.

"இல்லீங்க. ஒருத்தர் வினையை இன்னொருத்தர் தலையில கட்ட முடியாது. அதோட, எல்லா நோயும் வினையால வர்றதும் இல்ல. உடம்புன்னு இருந்தா கெடும்."

"அப்ப நான் கொல்றது?"

"மனசு என்ன நினைச்சு ஒண்ணைச் செய்யுதோ, அதுதான் வினை. கொல்லும்போது கொல்லணும்கிற நினைப்பு இருக்குமே. அது இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா அது உங்களோட. குழந்தையோட இல்ல. ஒரு உயிரை வலிக்க வைக்கணும்னு நினைச்சுச் செய்யறீங்களான்னு உங்களையே கேட்டுப் பாருங்க."

"இதை அவகிட்ட சொல்லலாமே சாமி."

"பல தடவை சொல்லிட்டேன். அவங்களுக்கு அது போதல." பிக்குவின் குரல் தணிந்தது. "காரணமே இல்லைன்னு சொன்னா அவங்க எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க? உங்களைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. அதையும் ஒருநாள் விடுவாங்க. கொஞ்சம் பொறுங்க."

பொறுங்க என்பது சொல்வதற்குச் சுலபமான வார்த்தை. பூச்சிக்காரர் தெருமுனை வரை பொறுத்தார். அதற்குமேல் முடியவில்லை. மனைவி தன்னைத் தொடாமல் இருப்பதற்கு ஒரு காரணம்கூட இல்லை என்று தெரிந்தபிறகு வலி இரண்டு பங்காகிவிட்டது.

மழை விட்ட ஒரு காலையில் மண்டபத்து நிர்வாகி ஃபோன் செய்தார். ஓய்வுபெற்றவர், பூனை நடப்பதுபோல மெதுவாகப் பேசுவார். "ஒரு சின்ன விஷயம். நேர்ல வந்தீங்கன்னா நல்லா இருக்கும்" என்றார். என்ன விஷயம் என்று சொல்லவே இல்லை.

அவரும் மச்சானும் போய்ப் பார்த்தார்கள். பெண்கள் உட்காரும் பக்கத்தில் ஒரு மரத்தூண். அதன் அடியிலிருந்து விரல் கனத்தில் மண்கோடு ஒன்று மேலே ஏறியிருந்தது. பூச்சிக்காரர் தூணைத் தட்டினார். வெறும் டப்பாவைத் தட்டியதுபோல ஓசை வந்தது. ஏணி போட்டு ஏறி உத்திரத்தையும் தட்டினார். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடி மரத்துக்குள் இறங்கியது. உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளிந்தன.

கீழே அவர் மனைவி விளக்குமாறோடு நின்றிருந்தாள். ஒல்லியாகிவிட்டிருந்தாள். அவள் முகத்தில் ஓர் அமைதி இருந்தது. அவரைப் பார்த்தபோதும் அது கலையவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"தூண்ல ஏதோ இருக்கும்னு தோணிச்சு" என்றார் நிர்வாகி.

"கரையான். உத்திரம் வரைக்கும் போயிடுச்சு."

"அப்படீங்களா. ஆகவேண்டியதைப் பாருங்க."

"என்ன ஆகணும்?"

"அதான்… உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். நீங்க வாயால சொல்லுங்க."

நிர்வாகி சிரித்துச் சமாளித்தார். "நாங்க அப்படிச் சொல்றதில்லீங்க. எந்த உயிரையும் கொல்றதில்ல, கொல்லச் சொல்றதில்லன்னு சீலம், அதான் விரதம், எடுத்திருக்கோம்."

"ஓ. நீங்க சொல்லமாட்டீங்க, நானாப் புரிஞ்சுக்கிட்டுச் செய்யணும். அப்புறம் பாயை விரிச்சு, கண்ணை மூடி உட்கார்ந்துக்குவீங்க. பாவம் எனக்கு, மண்டபம் உங்களுக்கு. என் தட்டைத் தொடக்கூட என் பொண்டாட்டிக்கு அருவருப்பு. நல்ல ஏற்பாடுங்க!"

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி மச்சானே கேட்டதில்லை. சத்தம் கேட்டுப் பிக்கு தன் அறையிலிருந்து வெளியே வந்தார். பூச்சிக்காரர் தொட்டியை இறக்கித் தரையில் 'டங்' என்று வைத்தார்.

"சாமி, ஒரே ஒரு வார்த்தை. கொல்லுன்னு நீங்க சொல்லுங்க. இப்பவே ஆரம்பிக்கிறேன். சொல்லலன்னா நான் போயிட்டே இருப்பேன். அடுத்த மழைக்கு அந்த உத்திரம் நிக்காது."

"மாப்ளே, என்ன பேச்சு இது?" மச்சான் அவர் கையைப் பிடித்தார். "அதுக்குக் கீழ உட்கார்றது என் தங்கச்சி."

"தெரியும் மச்சான். அதனாலதான் கேக்கறேன்."

பிக்கு உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, ஒரு பாயை நகர்த்திப் போடச் சொல்பவர்போல, "அப்ப விட்டுடுவோம்" என்றார். "இன்னைலேர்ந்து இதுக்குள்ள யாரும் உட்கார வேண்டாம். மண்டபம் போனா போகட்டும். வெளிய மரத்தடி இருக்கு." அவர் குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. உண்மையிலேயே அவருக்கு அந்தக் கட்டடம் வேண்டியிருக்கவில்லை.

பூச்சிக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. மழுப்புவார்கள், கெஞ்சுவார்கள், அப்போது நாலு கேள்வி கேட்கலாம் என்று நினைத்திருந்தார். ஓங்கிய கை காற்றில் போனதுபோல் ஆகிவிட்டது. குனிந்து தொட்டியின் வாரைப் பிடித்தார்.

"கொன்னுடுங்க."

சொன்னது அவர் மனைவி.

"அம்மா, வேண்டாம்" என்றார் பிக்கு.

"இல்ல சாமி. உங்களுக்கு மரத்தடி போதும். இந்த இடம் போனா நான் எங்க போவேன்? இங்கதான் எனக்குத் தூக்கம் வந்தது." விளக்குமாறு அவள் கையிலிருந்து விழுந்தது. கணவனின் முன்னால் வந்து நின்றாள். அந்த அமைதி முகத்தில் இல்லை. "கேட்டீங்கல்ல? யாராவது சொல்லணும்னு கேட்டீங்கல்ல? நான் சொல்றேன். ஒண்ணு விடாம கொன்னுடுங்க. போதுமா?"

பிக்கு அவளைப் பார்த்தார். பிறகு பூச்சிக்காரரைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. கீழே விழுந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வேலை நடந்தது. சுவரோரமாகத் துளை போட்டு மருந்தை இறக்கினார்கள். தூணுக்குள் ஊசிக்குழல் விட்டுப் பீச்சினார்கள். மண்கோடு ஈரமாகி உடைந்து, பொலபொலவென்று கொட்டியது. மச்சான் அன்று ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை. பூச்சிக்காரரின் மனைவி கடைசிவரை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். கொட்டியதை அவளே வாரிக்கொண்டுபோய்ப் போட்டாள்.

மாலையில், அதே துணிப்பையோடு வீட்டுக்கு வந்தாள்.

"வந்துட்டியா?" என்றார். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"அங்க உட்கார முடியல. கண்ணை மூடினா தூணுக்குள்ள நெளியறது கேக்குது."

"எல்லாம் செத்துப்போச்சும்மா. ஒண்ணும் கேக்காது."

"அதான் கேக்குது."

சமையலறைக்குப் போய் உலை வைத்தாள். தனித்தட்டு அடுக்கில் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை. பழையபடி இரண்டு தட்டுகளைக் கழுவினாள். ஆணியில் தொங்கிய வேலைச்சட்டையை எடுத்து, அவள் துணிகளோடு சேர்த்து வாளியில் போட்டு ஊறவைத்தாள். அவர் கேட்டதெல்லாம் நடந்துவிட்டது. ஆனால் அவள் அவரை மன்னித்துத் திரும்பி வரவில்லை. தானும் அவரைப்போலத்தான் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

கூடத்தில் உட்கார்ந்து, பிக்கு கேட்கச் சொன்ன கேள்வியை முதன்முறையாகத் தன்னையே கேட்டுப் பார்த்தார். ஒரு உயிரை வலிக்க வைக்க வேண்டும் என்று நினைத்து எப்போதாவது எதையாவது செய்திருக்கிறாரா? எலியை அப்படிக் கொன்றதில்லை. மூட்டைப்பூச்சியை அப்படிக் கொன்றதில்லை. இன்றைய கரையானைக்கூட அப்படிக் கொல்லவில்லை. ஆனால் இன்று காலை, அந்த முகத்தில் இருந்த அமைதியைப் பார்த்தபோது, அதை உடைக்க வேண்டும் என்று நினைத்தார். நன்றாகத் தெரிந்தே நினைத்தார். உடைந்துவிட்டது.

இதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தார். அப்போது சமையலறைத் தொட்டியடியிலிருந்து ஒரு கரப்பான்பூச்சி வெளியே வந்தது. அவருக்கு என்னவோ ஆகிவிட்டது. அலமாரியிலிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு, அட்டைக்குப் பதிலாகக் காலண்டரின் பழைய தாள் ஒன்றையும் கிழித்துக்கொண்டு ஓடினார்.

அதற்குள் அவள் வீட்டுச் செருப்பைக் கழற்றி ஒரே அடி அடித்திருந்தாள்.

"உங்களுக்கு ஒரு வேலை மிச்சமாச்சு" என்றாள்.

செருப்பைத் திரும்பக் காலில் மாட்டிக்கொண்டு, கொதிக்கிற உலையில் அரிசியைக் களைந்து போட்டாள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.