றோசமேரியின் கொழுத்த முயல்

ஆலங்குடாவில் றோசமேரியின் முயல்களைப் பற்றி நான் வாய் திறந்தால் பொறாமையில் சொல்கிறேன் என்பாள். பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டு முயல்கள் எலும்பும் தோலுமாக நிற்க, வேலிக்கு அப்பால் அவளுடையவை உருண்டு திரண்டு கிடந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

சண்டைக்காலத்தில் மன்னாரிலிருந்து ஒரு பையோடு வந்தவள். சண்டை முடிந்து மற்றவர்கள் ஊர் திரும்பியபோது, முயல்களை லொறியில் ஏற்ற முடியாது என்று இங்கேயே நின்றுவிட்டாள். முருங்கை, வத்தாளைக் கிழங்குக் கொடி, அறுகம்புல், வேலியோரத்துச் செவ்வரத்தை, பச்சையாக எது கண்ணில் பட்டாலும் அவள் கை சும்மா இராது. ஈரத்தோடு போடமாட்டாள், நிழலில் வாட்டித்தான் போடுவாள். அந்த அளவில் கெட்டிக்காரி.

அந்த வருடம் தவக்காலத்தில் வெயில் புல்லையெல்லாம் கருக்கிவிட்டது. உயிர்த்த ஞாயிறன்று அவள் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். முயல் கறி போடுகிறேன் என்று போனில் பெருமை அடித்தாயிற்று. முயல்களோ மெலியத் தொடங்கிவிட்டன. தீனிக்கு எங்கே போவாள்? அடுத்த வளவில் அபூசாலி நானாவின் பீட்ரூட் பாத்தி மட்டும் கிணற்றுத் தண்ணீரில் பச்சைப்பசேலென்று நின்றது.

சில நாளில் அபூசாலி நானா, பாத்தியை மேய்கின்றன என்று கட்டாக்காலிக் கழுதைகளைத் திட்டித் திரிந்தார். "பாவம் நானா, கழுதையளுக்கு இரக்கமே இல்லை" என்று றோசமேரி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அந்த நெஞ்சழுத்தம் எனக்கு வராது.

உயிர்த்த ஞாயிறுப் பெருநாளுக்கு முதல் நாள் காலை, முயல் கூட்டுக்குக் கீழே வெள்ளை மணல் சிவந்து கிடந்தது. முயல்கள் இரத்தமாக மூத்திரம் பெய்கின்றன என்று றோசமேரி ஒப்பாரி வைத்தாள். எங்கள் ஒழுங்கையில் முயல் அறுப்பது எப்போதும் அபூசாலி நானாதான். அவர் ஓதி அறுத்தால் எல்லா வீட்டிலும் சாப்பிடலாம். அன்றும் கத்தியோடு வந்தவர் குனிந்து மணலைப் பார்த்தார். தாடிக்குள் சிரித்ததை நான் வேலிக்குள்ளால் கண்டேன்.

"என்ன தீனி குடுத்தீங்க?"

"முருங்கை, அறுகு, வத்தாளைக் கொடி. வேற ஒண்டும் இல்லை."

"பீட்ரூட் இலை தின்டாலும் இப்படித்தான் செவப்பாப் பெய்யும். அதுண்டா பயமில்ல, கறியாக்கலாம். தின்னல்லண்டா இது நோய். எல்லாத்தையும் குழி தோண்டிப் புதைக்கணும்."

றோசமேரி கூட்டைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள். கள்ளி என்று பெயர் எடுப்பதா, வெறும் பருப்போடு சம்பந்தம் பேசுவதா?

"முயல் தானாப் போய்த் தின்டிருக்கும்" என்றாள்.

"கூட்டைத் திறந்து, வேலி தாண்டி, ஒவ்வொரு செடியிலயும் வெளி இலையை மட்டும் பார்த்துப் பிடுங்கித் தின்டுட்டு, திரும்பி வந்து கொளுக்கியையும் போட்டுக்கிச்சா?"

"ஓம். முயல் விளங்கின பிராணிதானே."

"அப்ப சரி. கள்ளனை நான் கொண்டு போறன்" என்று அபூசாலி நானா இருந்ததிலேயே கொழுத்ததைத் தூக்கிக்கொண்டு படலையை நோக்கி நடந்தார்.

றோசமேரி ஓடிப்போய் முன்னால் நின்றாள். "அதை விடுங்கோ நானா. அது பீட்ரூட் இலையை மணந்தும் பார்க்கேல்லை. இந்தச் சின்னன்தான் முழுக்கத் தின்டது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பிடுங்கிக்கொண்டு வந்து கையால குடுத்தவளுக்குத் தெரியாதே?"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். அபூசாலி நானா கொழுத்ததை அவள் கையில் கொடுத்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரரை நல்லாக் கவனிங்க அக்கா. நாளைக்கு என்ட பாத்திக்கு நீங்கதான் தண்ணி ஊத்தணும்."

றோசமேரி முயலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யோசித்தாள்.

"நாளைக்குப் பெருநாள், வேலை செய்யக்கூடாது" என்றாள். "திங்கட்கிழமை வாறன்."