பாலாடையின் மூக்கு

கருமத்தம்பட்டி வீட்டில் அக்கா தன் கைக்குழந்தையை மடியில் சாய்த்து வெள்ளிப் பாலாடையில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். பால் தீர்ந்தும் அவன் பாலாடையின் மூக்கை விடாமல் சப்பினான். மூக்கில் ஒரு சாம்பல் கோடு. நான் வாங்கிக் கொடுத்தபோது அது கிடையாது.

"இதென்னக்கா?"

"போன மாசம் கீழ உழுந்து மூக்கு ஒடைஞ்சுபோச்சு கண்ணு. தாய்மாமன் சீரு, ஒடைஞ்சுதுன்னு உங்கிட்டச் சொல்ல மனசு வருமா? பக்கத்துல ரேடியோக் கடையில குடுத்துப் பத்தவெச்சுப்போட்டேன்."

அந்த வாரம் முழுக்கக் கல்லூரி ஆய்வகத்தில் பழைய சர்க்யூட் போர்டுகளை லேசரால் சுட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பொறி பறக்கும். பொறியின் ஒளியைப் பிரித்தால் அங்கே என்ன தனிமம் என்று தெரியும். புள்ளிகளைச் சேர்த்தால் வரைபடம். பற்றவைத்த இடமெல்லாம் காரீயம், குழந்தையின் மூளைக்கு நஞ்சு. இந்தக் கோட்டையும் அப்படி வரைந்து பார்த்தால்?

"மெருகு போட்டுத் தாரேன். அதுவரைக்கும் ஸ்பூன்ல குடு."

"குடுத்த சீரைத் திருப்பி வாங்கற மாமனை இப்பத்தான் பாக்கறேன்!" என்று சிரித்தாள்.

ஆய்வகத் தோழிக்கு விஷயம் தெரியாது. "ஏனுங்க மாமா, மருமகன் பாலாடையவே சுட்டுப்போட்டீங்களா?" என்றாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டே. சொன்னேன். பாலாடையை வாங்கி லேசருக்குக் கீழே பொருத்தினாள்.

டக், டக், டக். கிண்ணப் பகுதியில் வெள்ளி, கொஞ்சம் செம்பு. காரீயத்துக்குச் சிவப்பு ஒதுக்கியிருந்தேன். மூக்கை நெருங்கியதும் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. கருவியின் கோளாறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த வரிசை முழுக்கச் சிவப்பு. கோட்டோடு நிற்கவில்லை, உதடு படும் விளிம்பு வரை வழிந்திருந்தது.

"இருக்குதுங்க," என்றாள் மெதுவாக. "ஆனா பால்ல எவ்வளவு எறங்குச்சுன்னு இந்தப் படம் சொல்லாதுங்களே."

அக்காவுக்குப் போன் செய்தேன். மூக்கில் காரீயம் இருப்பதைச் சொன்னேன்.

"கொழந்தைக்கு என்னடா ஆகும்?"

"தெரியலக்கா. ரத்தம் எடுத்துப் பாத்தரலாம். காலைல வாரேன்."

"ஊசி போட்டா அழுவானேடா..."

விடிந்ததும் முதலில் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். பிறகு, அக்கா ஊற்றும் அதே சூட்டில் பாலாடையில் பாலைச் சற்று நேரம் வைத்திருந்து, ஒரு சொட்டை அலுமினியத் தகட்டில் காயவைத்து லேசரால் சுடப்போகிறேன். அதிலும் சிவப்பு வருமா என்று பார்க்க வேண்டும்.