பசித்தால் நின்றுவிடும் ஈஸ்ட்

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அக்கா கொழுந்து பறிக்கிறாள். நான் பல்கலைக்கழகத்தில் ஈஸ்டை வைத்து ஆராய்ச்சி செய்கிறேன். லீவில் போன மறுநாள் காலை, அக்கா சீனி வருத்தத்துக்கான குளிசையை வெறும் பிளேன்டீயோடு விழுங்கினாள். ரொட்டியைத் தொடவில்லை.

"சாப்பிடலையாக்கா?"

"வேல பிரிக்கிற பெரட்டுல தோட்டத்து நலன்புரி சேர் சொன்னாருடி. பசியோட இருந்தா ஒடம்பு தன்னத்தானே தின்னு சுத்தமாயிருமாம். ஒன்னோட ஈஸ்டு கதைதானே!"

என் ஈஸ்டு கதையாம்! நான் திட்டத் திட்டவே கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வெயில் ஏறியதும் மலைச்சரிவில் மயங்கி விழுந்தாள். கொழுந்து லொறியில் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாததால் சீனி இறங்கிவிட்டது என்றார் வைத்தியர். பிழைத்தாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அரைநாள் சம்பளம்தான். வேலைக் கணக்கில் அரைப்பேர் போட்டுவிட்டார்களாம், பாவிகள்.

உடம்பு தன்னையே தின்னும் அந்தத் தன்னுண்ணல் பொய்யில்லை. தீனி இருக்கும்வரை டோர் என்ற புரதம் அதை அமுக்கி வைத்திருக்கும். பட்டினி வந்தால் பிடி தளரும். செல் தன் பாகங்களையே பொதிகட்டிக் கரைத்துத் தின்னும். பாண் மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டுக்கும் எங்களுக்கும் ஒரே ஆதி மூதாதையிடமிருந்து வந்த ஏற்பாடு அது. பொதிகட்ட உதவும் ஒரு புரதம் ஈஸ்டில் ஒன்றே ஒன்று. பாலூட்டிகளில் அது பெருகி ஒரு குடும்பமே ஆகிவிட்டது. பரிணாமம் இத்தனை பாடுபட்டது பஞ்சத்தில் சாகாமல் இருக்க. எவனோ வந்து பட்டினிக்கு நற்சான்று கொடுக்க அல்ல.

அடுத்த நாள் விடியற்காலை, வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கே போனேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் நடுவே அந்த நலன்புரி சேர் நின்றுகொண்டிருந்தார்.

"சேர், பசிச்சா ஈஸ்டு வளர்றத நிறுத்திட்டுச் சும்மா கெடக்கும். இவங்க கூடையத் தூக்கிக்கிட்டு மலை ஏறணும். மருந்து குடிக்கிறவங்கள பட்டினி கெடக்கச் சொல்ல எப்படிங்க ஒங்களுக்கு வாய் வந்துச்சு?"

"படிச்ச புள்ள இப்படிக் கத்தலாமா தங்கச்சி? நல்லதுக்குத்தானே சொன்னேன்."

"நல்லதாம் நல்லது! மொதல்ல நீங்க சாப்பிடாம ஒரு நாள் கொழுந்து பறிங்க!"

பெண்கள் சிரித்தார்கள். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்காவுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தபடி நடந்ததைச் சொன்னேன். மென்றுகொண்டே கேட்டாள்:

"பசிச்சா வேலைய நிறுத்திருமா ஒன் ஈஸ்டு? அதுக்கு யாரும் அரைப்பேரு போட மாட்டாங்களாடி?"